கட்டாயம் பார்க்க வேண்டாதது

அந்தமானுக்குப் போகிறீர்களா? ஒரு வாரமா? கூட ஒரு நண்பரா? ரொம்ப சந்தோஷம். டிக்கெட் புக் பண்ணின மறுநாளே உங்கள் கைக்கு ஒரு லிஸ்ட் வந்து சேரும். டிராவல்ஸ்காரர் கொடுப்பார். ஆபீஸில் போன வருஷம் போய்வந்தவர் கொடுப்பார். மச்சினர் கொடுப்பார். 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து.' யார் கொடுத்தாலும் பத்தில் எட்டு ஒன்றாகவே இருக்கும்.

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட மார்க் போடுகிறோம். நம் லீவையும் சேமிப்பையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிற இந்த லிஸ்டுக்கு மட்டும் யாரும் மார்க் போடுவதில்லை. அதைத்தான் இந்த வாரம் செய்யப்போகிறேன்.

என்னோடு வந்தவர் கல்லூரி நண்பர். பி.காம்.மில் ஒரே பெஞ்ச். நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன், அவர் ஆடிட்டர் ஆகிவிட்டார். வவுச்சருக்கு டிக் அடிப்பதுபோல ஒவ்வோர் இடத்துக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தார். டிக் அடிக்கிற ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் லிஸ்டின் தரம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

லிஸ்டில் முதல் ஐட்டம் செல்லுலார் ஜெயில். இதற்கு முழு மார்க். 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி ஏழு கட்டடங்கள். ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்க்கிற மாதிரி அமைப்பு. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம்! இன்று நிற்பவை மூன்று கட்டடங்கள்தான். 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் செக்கைத் தேடுவார்கள். அங்கே கைதிகளைச் செக்கிழுக்க வைத்தது நிஜம். ஆனால் செக்கு என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற வ.உ.சி. இழுத்தது கோயமுத்தூர் சிறையில். பக்கத்தில் யாராவது குழந்தைக்கு மாற்றிச் சொன்னால் மெதுவாகத் திருத்துங்கள்.

மாலையில் ஒலி-ஒளிக் காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. என் ஓட்டு பகலுக்குத்தான். காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய், காலியான ஒரு அறையில் ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். எந்த வசனகர்த்தாவாலும் எழுத முடியாத ஐந்து நிமிஷம் அது.

அடுத்து ராஸ் தீவு. 2018 டிசம்பரில் இதற்கு நேதாஜி பெயர் வைத்தார்கள். அதே சமயம் ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆயிற்று. நீல், ஷஹீத் தீவு ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சோழர்களின் கடற்படைத் தளமாக இருந்த இடம் என்று அந்த அறிவிப்பில் நமக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். ராஸில் வெள்ளைக்காரர்களின் சர்ச்சையும் பேக்கரியையும் மரத்தின் வேர்கள் கட்டிப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு சாம்ராஜ்யம் எப்படி முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முக்கால் மார்க்.

நார்த் பே. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் தென்னை மரக் காட்சி இதுதான். நோட்டை நீட்டிப் பிடித்து போட்டோ எடுப்பது இங்கே ஒரு சடங்கு. கண்ணாடி அடித்தளப் படகில் பவளப் பாறை காட்டுவார்கள். 2010-ல் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போன கதையைச் சொல்ல மாட்டார்கள். பாஸ் மார்க் போடலாம்.

ஹேவ்லாக்கின் ராதா நகர் கடற்கரையை 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. சும்மா சொல்லக்கூடாது, தகும். ஆனால் ஒன்று. கடிகாரத்தில் நம் நேரம்தான் ஓடுகிறது, சூரியன் பர்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலை ஐந்து மணி சுமாருக்கு உதயம், மாலை ஐந்தரை சுமாருக்கு அஸ்தமனம். நம் ஊர்க் கணக்கில் சாவகாசமாக டிபன் காபி முடித்துக்கொண்டு ஆறரைக்குப் போனால் இருட்டில் மணலைத் தடவிவிட்டு வரலாம். நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கும் நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் போக வேண்டும். லிஸ்ட் இடத்தைச் சொல்கிறதே தவிர, வேளையைச் சொல்வதில்லை. இது அதன் முதல் குறை.

இரண்டாவது குறை கொஞ்சம் பெரிது. லிஸ்டுக்கு எல்லாமே காட்சிப் பொருள். ஹேவ்லாக்கில் கடலில் நீந்துகிற ராஜன் என்ற யானை ஒரு காலத்தில் லிஸ்டின் சூப்பர் ஸ்டார். தீவுக்குத் தீவு மரம் இழுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட யானை அது. பிழைப்புக்காக நீந்தப் பழகியதை, பிற்பாடு நாம் காசு கொடுத்துப் படம் பிடித்தோம். 2016-ல் இறந்துபோனது. யானையைக் காட்சியாக்கினதையாவது ஒரு பெருமூச்சோடு விட்டுவிடலாம். மனிதர்களை?

அதுதான் லிஸ்டின் ஒன்பதாவது ஐட்டம். பாராடாங்.

தாளில் 'சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகு' என்று சமர்த்தாகப் போட்டிருக்கும். மூன்றும் உண்மை, மூன்றும் அழகு. ஆனால் ரோடு வழியாக அங்கே போக, விடிகாலை மூன்று மணி சுமாருக்குக் கிளம்பி, ஜிர்க்காடாங் செக் போஸ்டில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு கும்பலாகக் காட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் காடு ஜாரவாக்களின் வீடு. 2011 சென்சஸ்படி அவர்கள் மொத்தம் 380 பேர். நம்மில் ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம்கூட இல்லை. 1997-க்குப் பிறகுதான் வெளியாட்களிடம் அம்பில்லாமல் வர ஆரம்பித்தார்கள். 1999-லேயே தட்டம்மை அவர்களுக்குள் பரவிவிட்டது.

டிராவல்ஸ்காரர் தாளில் எழுதாததை வாயால் சொல்வார். ஒரு கண்ணைச் சிமிட்டி, "லக் இருந்தா ஜாரவா பார்க்கலாம் சார்!" குகை தாளுக்கு, ஜாரவா வியாபாரத்துக்கு. காமர்ஸ் படித்தவனுக்குப் புரியும். பில்லில் ஒரு சரக்கு, டெலிவரி வேறு சரக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் 1956-லிருந்து இருக்கிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. மீறினால் ஜெயில்கூட உண்டு. இந்த ரோட்டின் சில பகுதிகளை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2002 மே மாதமே உத்தரவிட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் அதில் இருந்தது. நாடே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் டூரிஸ்டுகளுக்கு அந்த ரோட்டைக் கோர்ட் மூடியது. மார்ச்சில் திறந்துவிட்டார்கள். தலையும் நிமிர்ந்துவிட்டது.

நான் போகவில்லை. நண்பர் போனார். முந்தின ராத்திரி எங்களுக்குள் நல்ல சண்டை.

"நீ போகலேன்னா மட்டும் அந்த வேன் நிக்கப்போகுதா?" என்றார்.

"நிக்காது. ஒரு சீட் காலியாப் போகும்."

"அங்கே இருக்கிற ஜனம் தினம் அதே ரோட்டுலதானே போறாங்க? அவங்களைச் சொல்லேன்."

நியாயமான கேள்வி. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஜனங்களுக்கு அந்த ரோடு ஆஸ்பத்திரி, காலேஜ், கருவேப்பிலை எல்லாம். அகதிகளாகவும் குடியேறிகளாகவும் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள் அவை. ரோட்டை மூடு என்று சென்னையிலிருந்து போன நான் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பிரசவ வலியோடு போகிற பெண்ணுக்கும், லீவுக்குப் போன எனக்கும் அந்த ரோட்டில் ஒரே உரிமையா? அவளுக்கு வேறு வழி இல்லை. எனக்கு வேறு ஒன்பது ஐட்டம் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான், அது போதும்.

நண்பர் சாயங்காலம் திரும்பினார். குகை பிரமாதம் என்றார். படகு பிரமாதம் என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வேறு மாதிரி குரலில் சொன்னார்: "ஒரு இடத்துல வேன் ஸ்லோ ஆச்சுப்பா. ரோட்டோரமா ஒரு பொண்ணும் ரெண்டு குழந்தைங்களும். எல்லாரும் இடது பக்கம் சாய்ஞ்சாங்க. நானும்தான் சாய்ஞ்சேன். அந்தக் குழந்தை எங்களைப் பார்க்கவே இல்ல. பழகிப் போச்சு போல."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1858-ல் ஆங்கிலேயர்கள் குடியேற்றத்தை ஆரம்பித்தபோது கிரேட் அந்தமானியர் என்ற மக்கள் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்ததாகக் கணக்கு. துப்பாக்கி கொஞ்சம் கொன்றது, தட்டம்மையும் சிபிலிஸும் நிறையக் கொன்றன. 1961 சென்சஸில் அவர்கள் 19 பேர். பூஜ்யம் ஏதும் விட்டுப்போகவில்லை, பத்தொன்பதுதான். அப்புறம் ஐம்பது சுமாருக்கு ஏறினார்கள். அவர்களில் போ மொழி தெரிந்த கடைசி மனுஷி, போவா சீனியர் என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் இறந்தார். கூட ஒரு பாஷையும் போயிற்று. கடைசி வருடங்களில் அந்த மொழியில் பேச அவருக்கு யாரும் இல்லை.

'கட்டாயம் பார்த்தே ஆகணும்' என்ற ஆசை முற்றினால் எங்கே போகும் என்பதற்கும் சாட்சி உண்டு. வெளியார் யாரும் போகக் கூடாத வடக்கு சென்டினல் தீவுக்கு 2018-ல் ஒரு அமெரிக்க இளைஞர் மதம் பரப்பப் போய் உயிரை விட்டார். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் அதே தீவில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு கோக் டின்னையும் வைத்துவிட்டு வந்ததாகக் கைதானார். அவர்களைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். வேனில் இடது பக்கம் சாய்கிறவருக்கும் அவருக்கும் எத்தனை தூரம்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, பாராடாங்கை அடித்தால் மிச்சமாகிற ஒரு முழு நாளை என்ன செய்வது? போர்ட் பிளேரிலேயே கழிக்கலாம். சாத்தமில் 1883-ல் ஆரம்பித்த மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. மானுடவியல் மியூசியத்தில் அந்த மக்களின் படகும் கூடையும் அம்பும் இருக்கின்றன. நீங்கள் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் கூடைக்குக் கூச்சம் இல்லை.

இன்னொன்று. ராஸுக்கும் நார்த் பேக்கும் படகு ஏற எல்லோரும் வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் வரிசையில் நிற்பார்கள். அதே வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1859-ல் ஆங்கிலேயர்களை எதிர்த்து அம்போடு வந்து செத்துப்போன அந்தமானியர்களுக்காக வைத்தது. அபர்டீன் சண்டை என்று பெயர். நான் நின்ற அரை மணி நேரத்தில் அதன் பக்கம் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லிஸ்டில் அது இல்லையே, பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்.

ஆகவே அந்தமானுக்கு அவசியம் போய்வாருங்கள். ஐந்தரைக்குள் ராதா நகர் போய்விடுங்கள். நண்பரோடு சண்டை போடுங்கள், ஒரு வாரம் சேர்ந்திருந்தும் சண்டையே வராவிட்டால் அது நட்பா என்ன? ஒன்பதாவது ஐட்டத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அந்த இடத்தில் அபர்டீன் என்று உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள். படகு டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும்.