32 கார்களும் ஓர் எண்ணும்

அமெரிக்க நாட்டின் 'மோட்டார் டிரெண்ட்' சஞ்சிகை 1974-ஆம் ஆண்டில் பிரசுரித்த விவரங்களிலிருந்து திரட்டப்பெற்ற 32 கார்களின் அட்டவணை, புள்ளியியல் பயில்வோருக்கு இன்று அரிச்சுவடியாக விளங்குகிறது. எடையைக் கிடையச்சிலும், ஒரு கேலன் எரிபொருளுக்கு வண்டி ஓடும் மைல்களை நிலையச்சிலும் வைத்துப் புள்ளியிட்டால், 1,835 பவுண்டு எடையும் 33.9 மைல் ஓட்டமும் உடைய டொயோட்டா கொரோலா இடப்புறத்து உச்சியிலும், 5,424 பவுண்டைச் சுமந்துகொண்டு 10.4 மைலுக்கு மேல் நகரமாட்டாத லிங்கன் காண்டினென்டல் வலப்புறத்து அடியிலும் நிற்க, ஏனையவை இடையே சரிந்து இறங்குகின்றன. கனத்த வண்டி எண்ணெயை அதிகம் குடிக்கும் என்பது எவரும் அறிந்த சங்கதிதான். ஆயினும் லிங்கனுக்கு ஏறக்குறையச் சமமான எடையுள்ள கிறைஸ்லர் இம்பீரியல் மாத்திரம் 14.7 மைல் ஓடுவானேன் என்ற கேள்வியை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்துவது இந்தச் சிதறல் வரைபடமே. அட்டவணையின் வரிசைகளை எத்தனை முறை புரட்டினாலும் அது எளிதில் தோன்றாது.

படம் எழுப்பிய கேள்வியை எண் அடக்கிவிடுகிறது. எடைக்கும் ஓட்டத்திற்குமான ஒட்டுறவுக் கெழு −0.87 என்று கணக்கிட்டதும், இம்பீரியலும் லிங்கனும் தத்தம் விசேஷங்களை இழந்து அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகின்றன. மேலும் அக்கெழு நேர்கோட்டுச் சம்பந்தத்தை மட்டுமே அளப்பது. இங்கோ புள்ளிகள் சற்றே வளைந்து இறங்குகின்றன. மைலுக்கு எத்தனை கேலன் என்று அளவையைத் தலைகீழாக்கினால் அவ்வளைவு பெரிதும் நிமிர்கிறது. ஒரே கெழுவை உடைய நான்கு தரவுத் தொகுதிகள் முற்றிலும் வேறான நான்கு உருவங்களைத் தரக்கூடும் என்பதை புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-லேயே வரைந்து காட்டியிருக்க, படத்தைப் பாராமல் எண்ணை மட்டும் நம்புவோரின் துணிச்சலை என்னென்பது!

எனினும் படத்தையும் குற்றமற்றதென்று சொல்ல நான் ஒருப்படேன். கையால் கியர் மாற்றும் கார்களின் சராசரி ஓட்டம் 24.4 மைல், தானியங்கிக் கியர் உடையவற்றினது 17.1 மைல், கெழு 0.60. இதைக் கண்டு, தானியங்கிக் கியரே எரிபொருளை விழுங்குகிறது என்று தீர்ப்பளிக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் முதல் வகுப்பின் சராசரி எடை 2,411 பவுண்டு, இரண்டாவதன் சராசரி 3,769 பவுண்டு. எடையையும் சேர்த்துப் பின்னடைவுக் கணக்கிட்டால், கியரால் வந்ததாகத் தோன்றிய ஏழு மைல் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் மாயமாகிவிடுகிறது. இரண்டே அச்சுகளை உடைய படம் மூன்றாமதொன்றை மறைத்துவிடுவது அதன் அமைப்பிலேயே உள்ள குறை. புள்ளிகளுக்கு எடைவாரியாக நிறமிட்டால் அக்குறை ஓரளவு தணியும்.

அட்டவணையே எத்துணை நம்பத்தக்கது என்பதையும் பார்க்கவேண்டும். மெர்சிடிஸ் 450 வரிசையின் மூன்று வண்டிகள், ஒரே எந்திரத்தையும் ஒரே 180 குதிரைத்திறனையும் வைத்துக்கொண்டு மூன்று தனிச் சாட்சிகளாக வந்து நிற்கின்றன. உருளைகளே இல்லாத சுழல் எந்திரம் பூண்ட மாஸ்டா ஆர்.எக்ஸ். 4, ஆறு உருளைகள் உடையதாகப் பதிவாகியிருக்கிறது. உருளைகளின் தொகையை வைத்து எவரேனும் படம் வரைந்தால், அப்புள்ளியும் சிறிதும் கூச்சமின்றி ஆறாம் இடத்தில் அமர்ந்து கெழுவுக்குத் தன் பங்கைச் செலுத்தும்.