வேலை உறுதியும் விண்ணப்ப நாளும்

வேலை தருவோம் என்று ஓர் அரசு கூறுதல் அரிதன்று. தராவிடத்து யாது செய்வோம் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவைத்தல் அரிது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு இயற்றப்பெற்றுப் பின்னர்க் காந்தியடிகளின் பெயர் தாங்கிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை மதிப்பிடப் புகுவோர், பெரும்பாலும் வெட்டிய குளங்களையும் போட்ட சாலைகளையுமே எண்ணுகின்றனர். தமிழ்நாட்டில் ‘நூறு நாள் வேலை’ என வழங்கிய அது சோம்பலை வளர்த்தது என்பாரும் உளர். அங்கு அவ்வேலைக்குச் சென்றோருள் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல் பெண்களே. ஆணுக்குரிய கூலியே அவர்க்கும் உரியதாயிற்று என்பதை அன்னார் மறந்தனர் போலும். நம் தோட்டங்களிற் சமகூலி வந்ததே 1984இல் அன்றோ!

எனினும் அச்சட்டத்தின் உயிர்நிலை ஏழாம் பிரிவிலேயே உள்ளது. வேலை கேட்டவர்க்கு 15 நாளுக்குள் வேலை கிடைத்தல் வேண்டும். கிடையாதாயின், முதல் 30 நாளுக்குக் கூலியிற் காற்பங்குக்குக் குறையாமலும், அதன்பின் அரைப்பங்குக்குக் குறையாமலும் படி வழங்கப்படுதல் வேண்டும். கூலியை மத்திய அரசு கொடுத்தது. இப்படியையோ மாநில அரசு தன் நிதியிலிருந்து கொடுத்தல் வேண்டும். வேலை தரத் தவறிய மாநிலத்துக்கு அது தண்டமாக அமைக என்பது நோக்கம். நோக்கம் நன்றே. ஆயின், அப்பதினைந்து நாளும் விண்ணப்பம் பெற்ற நாளிலிருந்தே எண்ணப்படும். அந்நாளைக் குறித்துப் பற்றுச்சீட்டுத் தரவேண்டியவரோ, அதனாற் செலவுக்கு ஆளாகும் அரசின்கீழ்ப் பணிபுரிவோர். சீட்டு இல்லையேல் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையேல் தாமதமும் இல்லை. படி பெற்றோர் மிகச் சிலராயிருந்தமைக்கு இதனைத் தலையாய காரணமெனலாம்.

ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களை அறிந்தார்க்கு இது புதுமையன்று. விடியலிற் பெரட்டுக்குச் சென்றவளின் ஒருநாள் உழைப்பு முழுப்பேர் ஆவதும் அரைப்பேர் ஆவதும் கொழுந்தை நிறுப்பவரும் செக்ரோல் எழுதுபவரும் தீர்மானிக்க அமைவன. உழைப்பு ஒருவரது, எழுதுகோல் மற்றொருவரது.

இதனை முன்னரே உணர்ந்தோர் ராஜஸ்தானத்து உழைப்பாளர். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அவர்தம் அமைப்பு, 1994 முதல் ஊரவர் கூடிய இடத்திலே பொதுவேலைகளின் வருகைப் பதிவேடுகளை உரக்க வாசித்தது. வேலைக்கே வராதோர் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருந்தமை அவர்கள் காதாலேயே கேட்டு உறுதியாயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அதே 2005இல் வந்தது. வேலை உறுதிச் சட்டத்திலும் கிராமசபை நிகழ்த்தும் சமூகத் தணிக்கை இடம்பெற்றது. ஆனால், தணிக்கை நடந்த வேலையையே ஆராயும். கேட்டும் பதியப்படாத வேலையை எவ்வேட்டிற் காண்பது? மகாராஷ்டிரம் 1977இல் இயற்றிய முன்னோடிச் சட்டம் தொட்டு இவ்விடர் தொடர்கின்றது.

2025 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் பழைய சட்டத்துக்கு மாற்றாக வேறொன்றை நிறைவேற்றிற்று. நூறு நாள் 125 ஆயிற்று. அதனோடு, கூலியிலும் 40 வீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கவேண்டியதாயிற்று. முன்னர்க் கூலி வகையில் வேலை தராமை ஒன்றே மாநிலத்துக்குச் செலவு. இனித் தருதலும் செலவு. விண்ணப்ப நாளை எழுதவேண்டிய கை இனி எவ்வாறு இயங்கும் என்பதே, 125 என்னும் எண்ணினும் உற்றுநோக்கத்தக்கது.