பெயர் மாறிய பணம்

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு பாத்திரம் திடீரென்று வேறு பெயரில் வந்து நின்றால், எதையோ மறைக்கிறது என்று சந்தேகப்படுவது என் தொழில் வழக்கம். இத்தாலியில் அரசியல் கட்சிகள் வாங்கிய சர்க்கார் மானியத்தின் கதையைப் படித்தபோதும் அந்தச் சந்தேகம்தான் எழுந்தது.

மானியம் 1974-ல் நல்ல எண்ணத்தோடுதான் பிறந்தது. எண்ணெய்க் கம்பெனிகளிடம் கட்சிகள் பணம் வாங்கிய விவகாரம் அம்பலமாகியிருந்த சமயம். பொதுப் பணத்தைக் கொடுத்துவிட்டால் முதலாளிகளிடம் கை நீட்டமாட்டார்கள் என்றார்கள். கொடுத்தார்கள்; கட்சிகள் இரண்டு கைகளையும் நீட்டின. 1992-ல் மிலான் நகரில் தொடங்கிய லஞ்ச விசாரணை அதை ஊரறியச் செய்தது. மறு வருஷம் ஏப்ரலில் ஜனங்களையே கேட்டபோது, வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மானியம் வேண்டாம் என்றார்கள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அந்த வருஷக் கடைசியிலேயே, 'தேர்தல் செலவுக்கு ஈடு' என்ற பெயரில் பணம் திரும்பி வந்தது. ஈடு என்றால் செலவழித்த அளவுக்குத்தானே? 1994 முதல் 2008 வரை கட்சிகள் காட்டிய செலவு சுமார் 58 கோடி யூரோ. பெற்றதோ 225 கோடி என்று அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் கணக்குச் சொன்னது. பார்லிமெண்ட் நடுவில் கலைந்தாலும் ஐந்து வருஷத் தவணையும் வரும் என்று 2006-ல் ஒரு திருத்தம் வேறு. 2008-ல் சபை கலைந்தது. செத்தவன் பெயரில் பென்ஷன் வாங்குவதுபோல், பழைய சபைக்கும் புதிய சபைக்குமாகச் சேர்த்து வாங்கினார்கள்.

மானியம் நின்றால் பணக்காரன் கட்சியை விலைக்கு வாங்கிவிடுவான் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2014-ல் நிறைவேறிய சட்டம் மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 2017-ல் நிறுத்தியபோது, ஒருவர் வருஷத்துக்குத் தரும் நன்கொடைக்கு 1 லட்சம் யூரோ வரம்பும் வைத்தது. இப்போது வரி கொடுப்பவன் விரும்பினால், தன் வருமான வரியில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கை ஒரு கட்சிக்கென்று குறிக்கலாம். அதுவும் கஜானாவுக்குப் போக வேண்டிய பணம்தான். ஆகவே குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அவனை ஒரு வார்த்தை கேட்கிறார்கள். வரி கொடுப்பவனுக்குச் செய்யும் மரியாதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேட்டால் கொடுக்கிறவனும் உண்டு, மறுக்கிறவனும் உண்டு. மறுத்த பிறகும் எடுத்துக்கொள்வதற்குச் சட்டம் எத்தனை புதுப் பெயர் வைத்தாலும், நம் பாஷையில் பழைய பெயர் ஒன்றே போதும்.