ரோம வீரனும் காலண்டர்ச் சோழனும்

சைனாடவுனில் பழைய புத்தகங்கள் விற்கும் கடையொன்றில், பீட்டர் கானலி என்னும் ஆங்கிலேயர் எழுதித் தாமே படமும் தீட்டிய ‘ரோமர் படை’ என்னும் ஆங்கில நூலை அண்மையில் வாங்கினோம். 1975-ல் வெளிவந்த இந்நூல் சிறுவர்க்கென ஆக்கப்பட்டதாயினும், பெரியவர் கற்கவேண்டிய பாடமொன்று இதிலுண்டு.

தலைக்கவசம், குறுவாள், எறிவேல், வளைந்த கேடயம், ஆணியடித்த செருப்பு என இவ்வகை நூல்கள் ஒவ்வொன்றையும் உறுப்புறுப்பாக விளக்குகின்றன. ஓவியர் இவற்றைக் கனவிற் கண்டு வரைந்தாரில்லை. ரோமாபுரியில் கி. பி. 113-ல் நிறுவப்பட்ட திராயன் தூணின் சிற்பங்களைக் கொண்டு, இரும்புத்தகட்டுக் கவசத்தின் அமைப்பை முன்னோர் பலவாறு ஊகித்தனர். 1964-ல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டிக்குள் அக்கவசத்தின் பகுதிகள் கிடைத்தன. தகடுகளை உட்புறத்தில் தோல்வார்கள் பிணைத்தன என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. ஊகித்து வரைந்த பழைய படங்கள் ஒதுக்கப்பட்டன. கேடயத்திற்குச் சான்று சிரியாவிலுள்ள தூரா யூரோப்பசில் அகப்பட்டது. மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டித் தோல் போர்த்தது அது. கானலியோ ரோமர் குதிரைச் சேணத்தை மீண்டும் செய்து சோதித்தும் பார்த்தார். இது பெருமை பேசுவோர் வேலையன்று. பிழை கண்டவிடத்துத் திருத்திக்கொள்வோர் வேலை.

இவ்வகை நூல்களுக்குப் பொதுவான குறையொன்றும் உண்டு. வீரர் புதுமெருகோடு நிற்கின்றனர். அவ்வாளால் ஊரிழந்தோரும் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டோரும் பெறும் இடமோ சிறிது. கூலிகளாய்க் கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றலாகிய நாம், பேரரசின் பளபளப்பை அதன் விலை கேளாது புகழ்தல் தகுமோ?

இனி நமது சுவரை நோக்குவோம். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குவீட்டிலும் தொங்கும் காலண்டரில் சோழ மன்னன் அணிந்திருப்பது எந்த நூற்றாண்டின் கவசம்? நாடகக் கொட்டகையும் சினிமாவும் தைத்துக் கொடுத்த ஜிகினா உடையே அது. சான்று இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்களும் வேல்களும் 1915-லேயே பட்டியலாக அச்சேறின. செங்கம் நடுகற்கள் 1972-ல் நூலாயின. ஆயுதமேந்திய வீரரை அக்கற்களிற் காணலாம். முல்லைப்பாட்டோ பாசறையிற் காவல்புரிந்த யவனரின் உடையையும் கூறுகின்றது.

“நம் முன்னோரின் வீரம் பாட்டில் உள்ளதே, படம் எதற்கு?” என்பர் சிலர். பாட்டு வீரனின் நெஞ்சைக் காட்டும். அவன் வாளின் நீளத்தைக் காட்டாது. ரோமன் செருப்பில் ஆணி இருந்ததை அறிந்த நம் பிள்ளை, தன் பாட்டன் ஏந்திய வேலின் வடிவத்தைக் கேட்டால், மேடைப் பேச்சை விடையாகக் கொடுப்பதா?

தமிழில் இத்தகைய நூல்கள் பெருகவேண்டும். ஆராய்ச்சியாளரும் ஓவியரும் கொல்லரும் ஒருங்கு கூடட்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயமென்றே எழுதட்டும். வென்றவனோடு தோற்றவனையும் வரையட்டும். அதுவரை காலண்டர் சுவரில் இருந்துபோகட்டும். அதனைச் சரித்திரமென்று மட்டும் கும்பிடாதிருப்போமாக!