டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2: பழைய டர்ன்டேபிளும் அதன் முள்ளும்

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1979-இல் வெளியிட்ட டர்ன்டேபிள். பெல்ட் இல்லாமல் மோட்டாரே சுழல்தட்டை நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகையைச் சேர்ந்தது. பழைய டர்ன்டேபிள் வாங்க விரும்புவோருக்கு அதிகமாகப் பரிந்துரைக்கப்படும் கருவிகளில் ஒன்று. எத்தனை ஆண்டு ஓட்டினாலும் கெடாது என்ற பெயர் இதற்கு உண்டு. மோட்டாரைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நியாயமானது. இசைத்தட்டைத் தொடுகிற முள்ளுக்கும் அதைத் தாங்கும் கைக்கும் அது பொருந்தாது. வாங்குபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விளைவாகக் கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, இசைத்தட்டுகள் பாழாகின்றன.

பின்புலம்

மட்சுஷிடாவின் பொறியாளர் ஷுயிச்சி ஒபாட்டாவின் முயற்சியில் உருவான எஸ்பி-10 என்ற டைரக்ட் டிரைவ் கருவி 1970-இல் விற்பனைக்கு வந்தது. அதே வழியில் 1972-இல் வந்த எஸ்எல்-1200, வீட்டில் அமர்ந்து இசை கேட்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் நடன அரங்குகளில் இசைத்தட்டு ஓட்டும் டிஜேக்கள் அதை எடுத்துக்கொண்டனர். தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் பின்னோக்கிச் சுழற்றினாலும் விட்ட உடனே வேகம் பிடிக்கும் மோட்டார் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1979-இல் வந்த எம்கே2, வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் துணையால் கட்டுப்படுத்தியது; 0.7 விநாடியில் 33⅓ சுற்று வேகத்தை எட்டியது. வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்திப் பட்டையையும் பெற்றது. 2010-இல் இந்த வரிசையின் உற்பத்தி நின்று, 2016-இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கியது.

இந்த வரலாறு பழைய பொருள் வாங்குபவருக்கு வெறும் தகவல் அல்ல. அரங்கில் இரவு முழுக்க உழைத்த கருவியும், கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த கருவியும் சந்தையில் ஒரே பெயரில்தான் வருகின்றன. துடைத்து வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

மின்சாரமும் வேகமும்

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட எம்கே2, 100 வோல்ட்டில் இயங்குவது. அதை இந்தியாவின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகும். பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்து, தேவையானால் மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

மின்னழுத்தத்தைச் சரிசெய்துவிட்டால் எம்கே2-இன் வேகம் ஊருக்கு ஊர் மாறாது. குவார்ட்ஸின் பயன் இதுவே. பழைய பெல்ட் வகைக் கருவிகளில் பல, மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பியே சுழல்பவை. 60 ஹெர்ட்ஸ் நாடான அமெரிக்காவுக்கென்று செய்த அத்தகைய கருவியை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் இந்தக் குறை தீராது. மோட்டார் கப்பியை மாற்ற வேண்டும்.

எம்கே2-இன் தட்டு விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள் உள்ளன. பக்கத்திலிருக்கும் சிவப்பு விளக்கின் ஒளியில், பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. பல ஆண்டு நகர்த்தப்பட்ட பட்டையில் தூசி சேர்ந்து, நடுப்புள்ளிக்கு அருகில் வேகம் துடிப்பதுண்டு. சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். இந்தப் பட்டையால் இசை பயில்பவருக்கும் ஒரு நன்மை உண்டு. 8 சதவீதம் என்பது ஒரு அரைச்சுரத்துக்குச் சற்று மேல். இசைத்தட்டின் சுருதியைத் தன் வீணையின் சுருதிக்கு இழுத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பழகலாம். செய்தவர்கள் நினைத்துப் பார்த்திராத பயன் இது.

முள்

பழைய கருவியோடு வரும் முள்ளை ஓட்டிப் பார்க்கவே கூடாது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் இந்த விதியில் விலக்குக்கு இடமில்லை. முள்ளின் நுனி வைரம். ஆனால் வைரமும் தேயும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேர ஆயுள் சொல்கிறார்கள். முந்தைய உரிமையாளர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்குக் கணக்கு இருக்காது. உருண்டையான நுனி தேயும்போது இரு பக்கமும் தட்டையாகிறது. தட்டையான பரப்பின் ஓரம் உளிபோலக் கூராகிறது. அந்த உளி வரிப்பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகிறது. முதலில் போவது மேல் ஒலிகள்: ஜால்ராவின் ஓசை, வயலினின் மேல்ஸ்தாயி, பாடகர் உச்சரிக்கும் 'ஸ', 'ஷ'. பிறகு புதிய முள்ளை மாட்டினாலும் அந்தக் கரகரப்பு போகாது. ஒலி இருந்த இடமே அங்கு இல்லை.

ஹெச்.எம்.வி., எக்கோ போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட தமிழ் இசைத்தட்டுகள் மறுபடி அச்சாகும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. ஒரு கச்சேரித் தட்டைப் பழைய முள்ளால் 'சும்மா ஒருமுறை' ஓட்டிப் பார்ப்பவர், சில நூறு ரூபாய் சேமிப்புக்காகத் திரும்ப வாங்க முடியாத பொருளைச் செலவிடுகிறார்.

டிஜேக்கள் விரும்பிப் பயன்படுத்திய ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜ் இன்னும் பல பழைய கருவிகளில் தொங்குகிறது. ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்று முள்கள் கிடைக்கின்றன. ஆயினும் வீட்டில் கேட்பவருக்குப் புதிய கார்ட்ரிட்ஜே நல்லது.

எடையும் நாலணாவும்

முள் தாண்டித் தாண்டி ஓடினால் தலையின் மேல் நாலணாக் காசு வைக்கும் வழக்கம் ரெக்கார்டு பிளேயர் இருந்த வீடுகளில் பரவலாக இருந்தது. அந்தக் காலத்து 25 பைசா நாணயத்தின் எடை 2.5 கிராம். 2 கிராம் அழுத்தம் கேட்கும் முள்மீது அதை வைத்தால் அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. தாண்டுவது நிற்கும், அரைப்பு தொடங்கும்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கை ஒன்று புதியவர்களிடம் காணப்படுகிறது: எடை குறையக் குறைய இசைத்தட்டுக்கு நல்லது என்பது. அதுவும் தவறு. அழுத்தம் போதாத முள் பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவருக்குச் சுவர் மோதுகிறது. தயாரிப்பாளர் 1.5 முதல் 2.5 கிராம் என்றால் 2 கிராமில் தொடங்குவதே சரி.

எம்கே2-இல் இதை அமைப்பது எளிது. ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழைச் சுழியத்தில் வைத்து, முள்ளுறையைக் கழற்றி, பின்புற எதிர்எடையைத் திருகித் திருகிக் கை தராசு முள்போலச் சமமாக மிதக்கும்படி செய்ய வேண்டும். பிறகு எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும். அதன்பின் எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி தேவையான எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் வளையத்தை மட்டும் திருப்பிவிட்டு எடை ஏறிவிட்டதாக நினைக்கிறார்கள். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதே எண்ணில் வைத்தால் போதும்.

கூடுதல் அழுத்தம் வேண்டி டிஜேக்கள் எதிர்எடையைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்டுவதுண்டு. அப்படியே விற்பனைக்கு வரும் கருவிகளும் உண்டு. எண் வளையம் வெளிப்பக்கம் பார்த்திருந்தால் அந்தக் கருவியின் கடந்தகாலம் தெரிந்துவிடும். அப்போது கையின் பேரிங்கையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். மிதக்கும் கையை மெல்ல ஊதினால் தடையின்றி நகர வேண்டும். தலையைப் பிடித்து லேசாக அசைத்தால் அடியில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால், மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த விலைக்கு வாங்கத் தகாது.

52 மில்லிமீட்டர் பற்றிய விவாதம்

கார்ட்ரிட்ஜைத் தலைப்பகுதியில் எவ்வளவு முன்தள்ளிப் பொருத்துவது என்பதற்கு டெக்னிக்ஸ் ஓர் எளிய அளவு தந்தது. முள்ளின் நுனியிலிருந்து ஹெட்ஷெல் பின்புற வளையம் வரை 52 மில்லிமீட்டர். இதற்கென ஒரு பிளாஸ்டிக் அளவுகோலும் கருவியோடு வந்தது. நுணுக்கம் பேசும் ரசிகர்கள் பலர் இதை மட்டமான அமைப்பு என்று ஒதுக்கி, பேர்வால்ட் முறையைப் பின்பற்றச் சொல்கிறார்கள்.

ஓர் அச்சில் திரும்பும் கை, தட்டின் எல்லா இடத்திலும் பள்ளத்துக்கு நேர்கோட்டில் நிற்க முடியாது. இரண்டு இடங்களில் மட்டும் பிழை சுழியமாகும். எம்கே2-இன் கை நீளம் 230 மி.மீ., முன்தள்ளல் 15 மி.மீ., கோணம் 22 பாகை. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், பிழையற்ற இடங்கள் மையத்திலிருந்து ஏறத்தாழ 59, 113 மி.மீ. தொலைவில் விழுகின்றன. பேர்வால்ட் முறையில் அவை 66, 121. அதாவது டெக்னிக்ஸ் தன் ஒரு பிழையற்ற இடத்தைத் தட்டின் கடைசிப் பள்ளத்தருகே வைத்திருக்கிறது. வெளி விளிம்பில் விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் பள்ளம், அங்கே 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் கரகரப்பு முதலில் எழும் இடமும் அதுவே. அதற்கு ஈடாக நடுப்பகுதியிலும் வெளிப்புறத்திலும் பிழை சற்றுக் கூடுகிறது.

இதைக் குறை என்பதைவிட ஒரு தேர்வு என்பதே பொருத்தம். பக்கத்துக்கு 25 நிமிடம் நிரப்பி, லேபிள் வரை பள்ளம் ஓடும் கர்நாடக இசைத் தட்டுகளில் தனி ஆவர்த்தனமோ தில்லானாவோ அந்தக் கடைசி அங்குலத்தில்தான் வருகிறது. அவற்றை அதிகம் கேட்பவர் 52 மி.மீ. அளவைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. பக்கத்துக்கு 15 நிமிடம் மட்டுமே உள்ள மேற்கத்திய பாப் தட்டுகளைச் சேர்ப்பவருக்குப் பேர்வால்ட் மேல்.

ஒரு பக்கம் கேட்காவிட்டால்

பழைய கருவிகளில் அடிக்கடி வரும் புகார் இது. இடப்பக்கம் ஊமையாக இருந்தால், கார்ட்ரிட்ஜின் பின்னால் வெள்ளை-நீலக் கம்பிகளையும் சிவப்பு-பச்சைக் கம்பிகளையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். ஊமை வலப்பக்கம் போனால் கோளாறு கார்ட்ரிட்ஜில். இடத்திலேயே நின்றால் ஹெட்ஷெல்லின் நான்கு முனைகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பின்புறக் கேபிள். எம்கே2-இல் கேபிள் உள்ளே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பயனர் தானே மாற்ற முடியாது. இவ்வளவு உறுதியான கருவியில் இது ஒரு சிக்கனப் புத்திதான்.

ஒலி மெலிந்து, அடித்தொனியே இல்லாமல் கேட்டால் கருவியில் பிழை இல்லை. எல்பி இசைத்தட்டுகளில் கீழ் ஒலிகள் குறைத்தும் மேல் ஒலிகள் கூட்டியும் எழுதப்பட்டுள்ளன. 1954-இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ முறை இது. அதைத் திருப்பிச் சமன்செய்யும் போனோ பகுதி ஆம்ப்ளிஃபயரில் இருக்க வேண்டும், அல்லது தனியாக வாங்க வேண்டும்.

78 சுற்றுத் தட்டுகள்

தமிழ்ச் சேகரிப்பாளரைப் பொறுத்தவரை எம்கே2-இன் மிகப்பெரிய குறை இதுவே. 33⅓, 45 என்ற இரு வேகங்கள் மட்டும் இதில் உண்டு. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், அரியக்குடி ஆகியோரின் குரல்கள் வந்த 78 சுற்றுத் தட்டுகளை இது ஓட்டாது. 45-இல் ஓட்டிப் பதிவுசெய்து கணினியில் 1.73 மடங்கு வேகப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் எல்பி முள் உதவாது. எல்பி முள்ளின் நுனி ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு 65 முதல் 75 மைக்ரான் வேண்டும். சிறிய நுனி பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலையே படிக்கும். 78-க்கான முள்ளைத் தனி ஹெட்ஷெல்லில் மாட்டி வைத்துக்கொண்டால், எம்கே2-இல் அதை ஒரு வளையத் திருகலில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் எடையை மறுபடி சுழியத்திலிருந்து அமைக்க வேண்டும்.