ஊசி எங்கே குத்தினாலும்

அக்குபங்சர் மீது யாராவது சந்தேகம் கிளப்பினால் போதும், "உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டதுதானே" என்ற பதில் உடனே வரும். அந்த நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், அக்குபங்சர் பயன்தருவதாக 28 நோய்கள் பட்டியலிடப்பட்டிருப்பது உண்மைதான். முழங்கால் வலி, நாரி வலி, கழுத்து வலி, முடக்குவாதம் எல்லாம் அதில் உண்டு. முக்கியமான பெரிய ஆய்வுகள் பல அதற்குப் பிறகே வந்தன என்பதை மட்டும் பட்டியலைக் காட்டுபவர்கள் சொல்வதில்லை.

வலி பொய்யல்ல. மருதமுனையில் தறியில் இருந்து நாள் முழுக்க மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளிக்கு நாரியும் முழங்காலும் நோகாமல் இருக்குமா? 2006இன் கடைசியில் கிழக்கில் பரவிய சிக்குன்குன்யா, காய்ச்சல் போன பிறகும் பலரது மூட்டுகளை விடவில்லை. டைக்ளோபெனக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதைவிடச் சுத்தமான ஊசி எவ்வளவோ மேல். களுபோவிலை அரச வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பிரிவுக்கு வெளிநாட்டவர்கூடப் படிக்க வந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் பலருக்கு நோவு குறைகிறது. இவ்வளவும் சரி.

ஆனால் அக்குபங்சர் நிலையங்களில் விலைபோவது நோவு குறைவது மட்டுமல்ல, ஒரு வித்தையும்தான். நாடி பிடித்தால் எந்தச் சக்தி குறைந்திருக்கிறது என்று தெரியும். உடம்பில் 14 சக்தி ஓட்டப் பாதைகள், அவற்றில் 361 புள்ளிகள். இந்த நோவுக்கு இந்தப் புள்ளி, ஒரு விரல் தள்ளினாலும் பலன் இல்லை. சோதிக்க வேண்டியது இதைத்தான்.

ஜேர்மனியில் சோதித்தார்கள். நாட்பட்ட நாரி வலியுள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு முறைப்படி ஊசி; இன்னொரு பகுதியினருக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்து; மிச்சப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2007இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் தேறியவர்கள் முறையான ஊசியில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. முழங்காலில் நடந்த சகோதர ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஊசி வென்றது, புள்ளி தோற்றது.

பின்னர் 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்த விக்கர்ஸ் குழு, 2018இல் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே சிறிய வித்தியாசம் உண்டு என்றது. அக்குபங்சர் ஆதரவாளர்களின் கடைசிக் கோட்டை இதுதான். ஆனால் இந்த ஆய்வுகளில் ஒருவர் எப்போதும் விடயம் தெரிந்தவர்: குத்துபவர். 1998இல் ஸ்ட்ரைட்பெர்கர் உருவாக்கிய போலி ஊசி, நாடகக் கத்திபோல மழுங்கிய முனையோடு தன் பிடிக்குள்ளேயே நழுவிப் போய்விடும். நோயாளி ஏமாறலாம், பிடித்திருக்கும் கைக்குத் தெரியாதா?

அந்தக் கைக்குரியவரின் வாய் என்ன செய்யும் என்பதையும் பார்த்தாயிற்று. ஹூஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்வுள்ளவர்களிடம் "உங்களுக்குக் கட்டாயம் சுகம் வரும்" என்ற தோரணையில் பேசியபோதே வலி கூடுதலாகக் குறைந்தது. ஊசி உண்மையா போலியா என்பது பொருட்டாகவே இல்லை. நம் ஊரில் கைராசி என்று சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2009இல் நாரி வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்து, 2016இல் வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. 2022இல் மூட்டுத் தேய்வுக்கும் வேண்டாம் என்றது. ஆனாலும் விளம்பரத்துக்கு எடுப்பது 2003 பட்டியலைத்தான்.

நோவு குறைந்தால் போதாதா, புள்ளி பொய்யானால் என்ன என்று கேட்கலாம். புள்ளியை நம்பியவர் நாடியையும் நம்புவார்; நாடி சொன்ன பிறகு இரத்தப் பரிசோதனை எதற்கு என்பார். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல், இரண்டு கையிலும் ஒரேமாதிரி வீக்கத்தோடு ஒரு பெண் அக்குபங்சர் நிலையத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாடி பார்த்துச் சக்திக் குறைவு என்கிறார்கள், பத்துத் தடவை வரச் சொல்கிறார்கள். நோவும் ஓரளவு தணிகிறது. அது முடக்குவாதமாக இருந்தால், மெதொட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்கவேண்டிய மாதங்கள் அப்படியே கழிந்துபோகும். அந்த நோய் மூட்டெலும்பை அரிக்கத் தொடங்குவது பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களில். அரித்த எலும்பு திரும்ப வளராது.