ஆட்ட நாயகன் கேமராக்காரர்தான்

மீனவர் படம் என்றதும் நமக்குச் 'செம்மீன்' ஞாபகம் வரும். அதற்கு 6 ஆண்டு முன்பே வந்த 'ஜாகோ ஹுவா சவேரா'வை (1959) சினிமாப் பைத்தியங்களிலும் பலர் பார்த்ததில்லை. அன்றைய கிழக்கு பாகிஸ்தானில், டாக்காவை அடுத்த மேக்னா நதிக்கரையில் எடுத்த படம், இயக்கம் ஏ.ஜே. கர்தார்.

காகிதத்தில் அணி பலமானது. மாணிக் பந்தோபாத்யாயின் 'பத்மா நதிர் மாஜி' நாவலைத் தழுவி வசனமும் பாடல்களும் எழுதியவர் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ். இசை திமிர் பரண், ஒளிப்பதிவு லண்டனிலிருந்து வந்த வால்டர் லாசலி. உதவி இயக்குநர் யார் தெரியுமா? பிற்பாடு வங்கதேச சினிமாவில் பெரும்பெயர் எடுத்த ஜாகிர் ரைஹான்.

களத்தில் முதல் சறுக்கல் மொழி. வங்காள மீனவர்கள் பெரும்பாலும் உருதுவில் பேசுகிறார்கள். கான் அதாவுர் ரஹ்மானுக்கு இதுதான் முதல் நாயக வேடம். துடுப்பைப் பிடிக்கும்போது மீனவராகத் தெரிகிறவர், வாயைத் திறந்ததும் வசனம் ஒப்பிக்கிறார். திருப்தி மித்ராவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. கல்கத்தா மேடையில் தேறியவர், 'தர்த்தி கே லால்' (1946) படத்திலேயே பஞ்சத்தை நடித்துக் காட்டியவர். குரலை உயர்த்தாமல், பார்வையாலேயே காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மற்றவர்கள் தடுமாறும் இடங்களிலும் படத்தைத் தாங்குவது அவர்தான்.

ஆனாலும் என் ஓட்டு லாசலிக்கு. ஆறு, படகு, வலை, மீனுக்கு விலை பேசும் கூட்டம் எல்லாவற்றையும் அலங்காரமில்லாமல் படம்பிடித்திருக்கிறார். உழைப்பு ஓரிடத்தில், காசு வட்டிக்காரனிடத்தில் என்பதைச் சொல்ல அவருக்கு வசனம் தேவைப்படவில்லை. பின்னாளில் 'ஜோர்பா தி கிரீக்' அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. அந்தக் கை இங்கேயே தெரிகிறது.

வெளியூர் ஆட்டத்தில் வெற்றி: 1959 மாஸ்கோ விழாவில் தங்கப் பதக்கம். ஆஸ்கர் போட்டிக்கும் பாகிஸ்தான் இதையே அனுப்பியது. சொந்த மண்ணில்தான் அடி. ஃபைஸ் இடதுசாரி, நாட்டை ஆண்டதோ அயூப் கானின் ராணுவம், படம் முடங்கியது. மீட்டெடுத்த பிரதியை 2016-இல் கான் விழாவில் திரையிட்டார்கள். அதே ஆண்டு மும்பை விழாவில் மட்டும், எல்லைப் பதற்றத்தைக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

எங்காவது திரையிட்டால் தவறவிடாதீர்கள். வசனம் ஒட்டவில்லையென்றால் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள், போதும்.